அம்மா காலடியில் இருந்த ஈரம்

"காலடி ஈரமா இருக்குடி" என்று அம்மா முதன்முதலில் சொன்னது 2024 செப்டம்பரில். முன் சீட்டில் எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். ஏசி தண்ணியாக இருக்கும் என்று சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டே போனேன். மார்கழியில் மறுபடி சொன்னாள். அப்போது ஏசியே போடவில்லை, கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் ஓட்டினேன். ஏசி ஓடாத வண்டிக்குள் ஏசி தண்ணி எங்கிருந்து வரும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை. காலடியில் விரித்திருந்த மிதியடியை எடுத்து மொட்டை மாடியில் காயப்போட்டேன். அவ்வளவுதான் செய்தேன். அதற்குப் பிறகு போனது முப்பத்தைந்தாயிரத்துச் சொச்சம் ரூபாயும் ஆறு நாள் லீவும்.

வண்டி அப்பாவுடையது. 2008 மாடல், ஆயிரம் சிசிக்குள் அடங்கும் சின்ன பெட்ரோல் கார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய பனியன் துணியோடு பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நிற்பார். வேலை செய்கிறாரா, சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறாரா என்று எங்களுக்குத் தெரியாது. 2021ல் அவர் போன பிறகு விற்றுவிடலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். எழுபதாயிரம் கிடைக்குமாம். அம்மாவுக்கு மனம் வரவில்லை, எனக்கும்தான். வாரிசுச் சான்றிதழ் வாங்கி, படிவம் 31 கொடுத்து, ஆர்.சி.யை என் பெயருக்கு மாற்றினேன். 2023ல் பதினைந்து வருடம் முடிந்ததும் வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டி இன்னும் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தேன். 2022 ஏப்ரலுக்கு முன்னால் 600 ரூபாயாக இருந்த கட்டணம் எனக்கு 5,000. பழைய வண்டிக்கான பசுமை வரி தனி. இன்சூரன்ஸ் மூன்றாம் நபர் பாலிசி மட்டும், அப்போது 2,094 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். இதையெல்லாம் கட்டிவிட்டு, வருடத்துக்கு ஒரு தடவை ஆயில் மாற்றினால் மீதியை வண்டி பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட்டேன். காகிதம் சரியாக இருந்தால் வண்டியும் சரியாக இருக்கும் என்ற நினைப்பு. கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவளுக்கு வரும் வியாதி அது.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். பானெட்டுக்குள் ரேடியேட்டர் பக்கத்தில் வெள்ளையாக ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கும், மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. அதில் மட்டம் இறங்கியிருந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் குழாய்த் தண்ணீர் பிடித்து ஊற்றினார். அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. டிக்கியில் எப்போதும் இரண்டு லிட்டர் பாட்டில். முதலில் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவை, டிசம்பரில் மூன்று நாளுக்கு ஒரு தடவை. தண்ணீர் ஊற்றுவது பராமரிப்பு என்றே நினைத்தேன். பொறுப்பாக இருக்கிறேன் என்று கொஞ்சம் பெருமைகூட.

அது மூடிய சுற்று என்று யாராவது அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ரேடியேட்டர் தண்ணீர் பெட்ரோல் மாதிரி ஓட ஓடக் குறைகிற பொருள் இல்லை. வருடக் கணக்கில் ஏதோ கொஞ்சம் இறங்கலாம், ஆனால் வாராவாரம் ஊற்ற வேண்டியிருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது, இல்லையென்றால் என்ஜினுக்குள் போய் எரிகிறது. வேறு வழியே கிடையாது. வெறும் தண்ணீர் ஊற்றினால் இன்னொரு கெடுதலும் உண்டு. ரேடியேட்டர் தண்ணீரில் கலந்திருக்கும் கூலன்ட் கொதிநிலையைக் கூட்டும், உள்ளே துரு பிடிக்காமல் காக்கும். நான் மாதக் கணக்கில் தண்ணீர் ஊற்றி ஊற்றி இருந்த கூலன்ட்டை முழுக்க நீர்த்துப்போகச் செய்துவிட்டேன். கூலன்ட்டுக்குப் பச்சை, சிவப்பு என்று நிறம் கொடுத்திருப்பதும் சும்மா இல்லை. ஒழுகினால் கறை தெரியும், தொட்டால் பிசுபிசுக்கும், ஒரு மாதிரி இனிப்பு வாசனை வரும். அம்மா காலடியில் இருந்த ஈரத்தில் நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அடையாளத்தை அழித்தது நானேதான்.

டிசம்பர் கடைசியில் திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் நெரிசலில் மாட்டியபோது என்ஜின் சூட்டைக் காட்டும் முள் முதல் தடவையாக முக்கால்வாசி ஏறியது. வீட்டுக்குப் பக்கத்து மெக்கானிக் ஷெட்டில் விட்டேன். அங்கே இருந்தவர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "நம்ம ஊரு வெயிலுக்கு வால்வு எதுக்கு மேடம்?" என்று தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டு 700 ரூபாய் வாங்கிக்கொண்டார். இதை நம் ஊரில் நிறைய பேர் செய்கிறார்கள். என்ஜின் சீக்கிரம் சரியான சூட்டுக்கு வந்து அங்கேயே நிற்பதற்காகத்தான் அந்த வால்வு. என்ஜின் குளிராக இருக்கும்வரை மூடியிருந்து, எண்பது டிகிரியைத் தாண்டினால் திறக்கும். கெட்டுப்போயிருந்தால் புதுசு போட வேண்டும். எடுத்துவிட்டால் குளிர்ந்த என்ஜின் பெட்ரோலைக் குடிக்கும், வேறு எங்கேயோ இருக்கிற கோளாறு கொஞ்ச நாளைக்கு மறைந்து நிற்கும். எனக்கு மூன்று வாரம் மறைந்து நின்றது.

பொங்கல் முடிந்த வாரம் அம்மாவுக்கு மதுரையில் கண் பரிசோதனை. காலை ஆறு மணிக்கு திருச்சியில் கிளம்பினோம். விராலிமலை தாண்டியதும் முள் பாதிக்கு மேல் ஏறத் தொடங்கியது. நிறுத்தலாமா என்று யோசிக்கும்போதே மளமளவென்று இறங்கி அடிக்கோட்டுக்கு வந்துவிட்டது. எனக்கு அப்படி ஒரு நிம்மதி. "பாத்தியா, தானா சரியாயிடுச்சு" என்று அம்மாவிடம் சொன்னேன். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இதை மட்டுமாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஏறிய முள் சட்டென்று விழுந்தால் சூடு தணிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. சூட்டை அளக்கும் சென்சார் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். தண்ணீர் வற்றிவிட்டால் அது காற்றில் நிற்கும், முள் பொய் சொல்லும். அப்போதுதான் என்ஜின் உண்மையில் வெந்துகொண்டிருக்கும்.

துவரங்குறிச்சி நெருங்கும்போது ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி இழுக்கவில்லை. பால் அடிப்பிடித்த மாதிரி ஒரு நாற்றம். அப்புறம் பானெட் ஓரங்களிலிருந்து புகை. ஓரம் கட்டி இறங்கி, துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனேன். எதிரே டீக்கடையில் இருந்தவர் போட்ட சத்தத்தில் கையை எடுத்தேன். அந்த அண்ணன் மட்டும் இல்லாவிட்டால் என் முகம் வெந்திருக்கும். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் மூடியைத் திருகியதும் பீய்ச்சி அடிக்கும். முக்கால் மணி நேரமாவது ஆறவிட வேண்டும்.

நான் இருபது நிமிடம்தான் விட்டேன். மருத்துவமனையில் பத்து மணிக்குள் டோக்கன் போட வேண்டும் என்ற பதற்றம். மூடியை மெதுவாகத் திறந்து டிக்கியில் இருந்த தண்ணீரை ஊற்றி, ஸ்டார்ட் செய்து, மறுபடி ஓட்டினேன். நாலு கிலோமீட்டர். பிற்பாடு என்ஜினைப் பிரித்துப் பார்த்தவர் சொன்னது, முதலில் நின்ற இடத்திலேயே விட்டிருந்தால் என்ஜினின் மேல்பாகமான ஹெட் தப்பித்திருக்கலாம் என்று. சூடேறிய என்ஜினில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டியதும் அந்த நாலு கிலோமீட்டரும் சேர்ந்து அலுமினிய ஹெட்டை வளைத்துவிட்டன. டோக்கன் போனால் அடுத்த வாரம் போட்டுக்கொள்ளலாம். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

இரண்டாவது முறை நின்றபோது வண்டி ஸ்டார்ட் ஆகவே இல்லை. அம்மாவைப் புளியமர நிழலில் உட்கார வைத்துவிட்டு யார் யாருக்கோ போன் செய்தேன். தெரிந்தவர் ஒருவர் மூலம் ரெக்கவரி வண்டி வந்தது, திருச்சிக்குத் திரும்ப 4,500. அம்மாவோடு மதுரை போய்வர வாடகைக் கார் 3,200. தேசிய நெடுஞ்சாலையில் நின்றுபோனால் 1033 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம் என்பதும், சாலையைப் பராமரிப்பவர்களின் கிரேன் வந்து பாதுகாப்பான இடம் வரைக்குமாவது இழுத்துவிடும் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியும். டோல் கட்டிக்கொண்டே பத்து வருடமாகப் போய்வந்த சாலை அது.

வண்டியைக் கொஞ்சம் பெரிய ஷெட்டில் இறக்கினேன். பெயர் வேண்டாம். ரேடியேட்டர் அடைப்பு என்றார்கள், மாற்றினார்கள். ஃபேன் மோட்டார் வீக் என்றார்கள், அதையும் மாற்றினார்கள். கூலியோடு 8,900. பழைய ரேடியேட்டரைக் கேட்டேன், எடைக்குப் போட்டாச்சு என்றார்கள். பில் கேட்டபோது ஒரு விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் எழுதித் தந்தார்கள். நான் என்ன கேட்டாலும் பதில் என்னைத் தாண்டிப் பின்னால் யாரோ ஆம்பளை நிற்பதுபோல அங்கே பார்த்துத்தான் வந்தது. எனக்கும் கேட்கத் தெரியவில்லை என்பது நிஜம். "தண்ணி எங்கே போச்சு?" என்ற ஒரே கேள்வியை நானும் கேட்கவில்லை, அவர்களும் தேடவில்லை. சந்தேகம் வந்த சாமானை எல்லாம் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதற்குப் பெயர் ரிப்பேர் இல்லை, என் காசில் நடக்கும் பரிசோதனை.

ஐந்தாவது நாள் காலையில் ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரிலிருந்து வெள்ளைப் புகை, நிற்கவே இல்லை. ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன். பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்க வேண்டிய ஆயில் பால் அதிகம் விட்ட காபி நிறத்தில் நுரைத்திருந்தது. தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டது, அதாவது ஹெட்டுக்கும் கீழே உள்ள என்ஜினுக்கும் நடுவில் ஒழுகாமல் அடைத்திருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. இந்த நிறத்தைப் பார்த்தால் அதற்குமேல் ஒரு தெருகூட ஓட்டாதீர்கள், பேரிங் வரைக்கும் போய்விடும். அதே ஷெட்டில் கேட்டால் முழு என்ஜின் வேலை, 45,000. இல்லையென்றால் பழைய என்ஜின் ஒன்று 28,000க்கு வாங்கி மாட்டித் தருகிறோம், கூலி தனி என்றார்கள். எழுபதாயிரம் பெறாத வண்டிக்கு. இன்சூரன்ஸ் ஏஜெண்டைக் கேட்டேன். விபத்து இல்லாமல் என்ஜின் தானாகக் கெட்டால் சாதாரண முழு பாலிசியிலேயே கிடைக்காது, உங்களுடையது மூன்றாம் நபர் பாலிசி என்றார். அன்றைக்கு ராத்திரி சமையலறையில் நின்று அழுதேன். காசுக்காக இல்லை. அப்பா பதிமூன்று வருடம் வைத்திருந்ததை நான் மூன்றரை வருடத்தில் கொன்றுவிட்டேன் என்று.

எங்கள் ஆபீஸ் வேன் ஓட்டுகிறவர் சொல்லித்தான் அரியமங்கலத்தில் இருந்த பெரியவரிடம் போனேன். தகரக் கொட்டகை, இரண்டு வண்டி நின்றால் இடம் நிறைந்துவிடும். அவர் முதலில் பானெட்டைத் திறக்கவில்லை. ஸ்டூலைத் தள்ளிப் போட்டு, "உக்காரும்மா. எப்ப இருந்து தண்ணி குறையுது? எத்தனை நாளைக்கு எவ்வளவு?" என்று கேட்டார். ஐந்து மாதத்தில் என்னிடம் அதைக் கேட்ட முதல் ஆள்.

என்ஜின் முழுக்கப் பிரிக்க வேண்டியதில்லை, ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும் என்றார். இறக்கிய அன்று என்னை வரச் சொன்னார். ஹெட்டைக் குப்புறக் கவிழ்த்து, அதன் மேல் ஒரு இரும்பு ஸ்கேலை நிமிர்த்தி வைத்து, அந்தப் பக்கம் செல்போன் டார்ச்சைப் பிடித்தார். "இங்கிட்டுக் குனிஞ்சு பாரு." ஸ்கேலுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் தலைமுடி அளவுக்கு வெளிச்சக் கோடு. நடுவில் மட்டும். "வளைஞ்சிருக்கு. ஆனா பேசிங் போட்டா சரியாயிடும்" என்றார். லேத் பட்டறையில் அதைச் சீவிச் சமப்படுத்த 900 ரூபாய்தான்.

அவர் எழுதிக் கொடுத்த சாமான்களை நானே போய் வாங்கினேன். இது நல்ல பழக்கம், ஆனால் வண்டியின் சேசிஸ் நம்பரையும் பார்ட் நம்பரையும் கையில் வைத்துக்கொண்டு போக வேண்டும். ஒரே மாடலில் இரண்டு வகை வால்வு, இரண்டு வகை ஹோஸ் இருக்கும். திருச்சியில் கிடைக்காத ஒரு ஹோஸைச் சென்னையில் தம்பி ஜி.பி. ரோட்டில் வாங்கி பஸ்ஸில் போட்டுவிட்டான். கதவுக் கண்ணாடி, பம்பர், ஹெட்லைட் மாதிரி சாமான் என்றால் சென்னையிலேயே புதுப்பேட்டையில் பழசே வாங்கலாம். கேஸ்கெட், பெல்ட், வாட்டர் பம்ப், பிரேக் சாமான் மட்டும் பழசோ டூப்ளிகேட்டோ வேண்டாம் என்று பெரியவர் கண்டிப்பாகச் சொன்னார். எழுபத்தெட்டாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் டைமிங் பெல்ட் ஒரு தடவைகூட மாற்றவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பல் வைத்த ரப்பர் பட்டை அது. அறுந்தால் ஓடும்போதே வண்டி நிற்கும், சில என்ஜின்களில் வால்வுகளும் வளைந்துவிடும். ஹெட் இறக்கும்போது அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும், கூடவே வாட்டர் பம்பையும் மாற்றினால் அதற்குத் தனிக் கூலி கிடையாது. பழைய வண்டியில் செலவை மிச்சப்படுத்துவது என்றால் இந்த மாதிரி ஒரு பிரிப்பில் இரண்டு மூன்று வேலையை முடித்துக்கொள்வதுதான்.

வேலை முடிந்தது. வண்டி ஸ்டார்ட் ஆனது, புகை இல்லை. எடுத்துக்கொண்டு போகலாம் என்று பர்ஸைத் திறந்தேன். அவர் விடவில்லை. "ஹெட்டு போனது பின்னாடிம்மா. முதல்ல தண்ணி எங்க போச்சு?" என்றார். ரேடியேட்டர் வாயில் ஒரு கைப்பம்பை மாட்டினார், சைக்கிள் பம்ப் மாதிரி, மேலே ஒரு வட்ட மீட்டர். அடித்து அழுத்தம் ஏற்றிவிட்டு டீ சொன்னார். டீ குடித்து முடிப்பதற்குள் மீட்டர் முள் சத்தமில்லாமல் இறங்கியிருந்தது. வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு இல்லை. ஹோஸ் இணைப்புகள் எல்லாம் காய்ந்திருந்தன. கொஞ்ச நேரம் தாடையைத் தடவிக்கொண்டு நின்றார். அப்புறம் இடப்பக்கக் கதவைத் திறந்து, மிதியடியைத் தூக்கி, அதற்கடியில் இருந்த கம்பளத்தை உள்ளங்கையால் அழுத்தினார். கை பச்சையாக வெளியே வந்தது. முந்தின நாள் ஊற்றிய புது கூலன்ட்.

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. "அம்மா சொல்லிட்டே இருந்தாங்கய்யா."

டேஷ்போர்டுக்குள் ஹீட்டருக்கென்று ஒரு குட்டி ரேடியேட்டர் உண்டு. நம் ஊரில் ஹீட்டரை யாரும் தொடுவதில்லை, ஆனால் கொதிநீர் அதற்குள்ளும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். பதினாறு வருடத்தில் அது துருவேறி ஒழுகத் தொடங்கியிருந்தது. அதை மாற்ற டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும். பெரியவர் கேட்டது ஒன்றுதான்: "ஊட்டி, கொடைக்கானலுக்கு இதுலயா போகப் போற?" இல்லை என்றேன். ஹீட்டருக்குப் போய்வரும் இரண்டு குழாயையும் என்ஜின் பக்கமே ஒரு துண்டு ஹோஸால் இணைத்து, தண்ணீர் ஹீட்டருக்குள் போகாதபடி செய்துவிட்டார். மழையில் முன்கண்ணாடி பனி பூத்தால் ஏசிதான் போட வேண்டும், அது ஒன்றுதான் குறை. அந்தத் துண்டு ஹோஸ் 80 ரூபாய்.

அவரிடம் ஆன மொத்தச் செலவு 18,080. அதில் கூலி ஏழாயிரம், மீதி சாமானும் லேத்தும் ஆயிலும் கூலன்ட்டும். எடுத்தெறிந்த தெர்மோஸ்டாட்டுக்கு 550 கொடுத்து புதுசு போட்டதும் இதில் அடக்கம். முன்னால் போன 700, 4,500, 3,200, 8,900 எல்லாம் சேர்த்தால் 35,380. செப்டம்பரிலேயே கம்பளத்தை அழுத்திப் பார்த்திருந்தால் ஒரு துண்டு ஹோஸ், கொஞ்சம் கூலன்ட், கூலி, ஆயிரத்துக்குள் முடிந்திருக்கும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பானெட்டைத் திறந்து நிற்கிறேன். ஐந்து நிமிடம்தான் ஆகிறது. என்ஜின் ஆறியிருக்கும்போது ஆயில் குச்சி, கூலன்ட் மட்டம், பிரேக் ஆயில் மட்டம், நிறுத்தியிருந்த இடத்தில் தரையில் கறை ஏதாவது உண்டா என்று பார்ப்பேன். ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, கிலோமீட்டர், என்ன மாற்றினேன், என்ன விலை என்று எழுதுகிறேன். ஷெட்டில் அந்த நோட்டை எடுத்து வைத்தாலே பேச்சு மாறிவிடுகிறது, மேடம் என்று அழைப்பதிலேயே ஒரு மரியாதை வந்துவிடுகிறது. மாற்றிய பழைய சாமானை வாங்காமல் காசு கொடுப்பதில்லை. மாதம் 1,500 ரூபாய் வண்டிக்கென்று தனியாக ஆர்.டி. போடுகிறேன். செலவு வராத மாதம் என்று ஒன்று இருந்தால் அது வரப்போகிற செலவுக்குச் சேர்த்து வைக்கிற மாதம். பெட்ரோல் இப்போது இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20 என்பதால் பழைய ரப்பர் எரிபொருள் குழாய்களை மட்டும் ஒரு தடவை பார்த்து மாற்றிக்கொள்ளச் சொன்னார் பெரியவர், மாற்றிவிட்டேன். என்ஜின் ஃப்ளஷ், மைலேஜ் கூட்டும் மருந்து, செராமிக் கோட்டிங் என்று யாராவது விற்க வந்தால் காது கேட்காத மாதிரி நடந்துவிடுவேன்.

இந்த வண்டியை எப்போது விற்கலாம் என்று அவரிடம் கேட்டேன். "என்ஜினை எத்தனை தடவை வேணா கட்டலாம். அடித்தட்டுல துரு விழுந்து, ஜாக்கி வைக்கிற இடம் உள்ள போச்சுன்னா அன்னிக்குக் குடுத்துடு" என்றார். அடியில் படுத்துப் பார்த்தேன், இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. டயர்தான் அடுத்த செலவு. பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்குமே, என்னுடையதில் 2317. 2017ன் இருபத்து மூன்றாவது வாரம். தரையில் படுகிற பட்டன் தேயவில்லை, ஆனால் ஓரத்தில் நரம்பு நரம்பாக வெடிப்பு விட்டிருக்கிறது. இந்த மாதம் முன்பக்கம் இரண்டு, தீபாவளி போனஸில் பின்பக்கம் இரண்டு.

போன வாரம் மறுபடி மதுரை போனோம். துவரங்குறிச்சி டீக்கடையில் நிறுத்தினேன், அந்த அண்ணன் இல்லை. கிளம்பும்போது அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு மிதியடியை ஒதுக்கி, வெறுங்காலைக் கம்பளத்தில் வைத்து அழுத்தினாள். "ம், போ" என்றாள்.